கீரிக்கு நீ கொடுத்த குரல்

தம்பி,

நேற்றுப் பின்னேரம் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்துவிட்டேன். ஊரில் சிக்னல் இல்லை என்று நினைத்து இரண்டு தரம் திருப்பி எடுத்தாய். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் உன் குரலைக் கேட்கப் பொறுக்கவில்லை. "அம்மா, காட்டூன்ரை ரண்டாம் பாகமும் எனக்குத்தான் தந்திருக்கினம். கீரிக்கு இந்தமுறை கூட வசனம். சனத்துக்கு அதைத்தான் நல்லாப் பிடிச்சிருக்காம்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாய். அந்தக் கீரியை மாற்று என்று நான் சொன்னதும் இன்னும் பலமாகச் சிரித்தாய். "என்னம்மா விசர்க்கதை கதைக்கிறியள்? அது சும்மா பகிடி" என்றாய். உன்னைப் பெற்ற இந்த இருபத்தெட்டு வருடத்தில் உன்னோடு எத்தனையோ தரம் கோபப்பட்டிருக்கிறேன். சைக்கிளைக் கொண்டுபோய் வாய்க்காலுக்குள் விட்டதற்கும், சோதனை நாளில் கிரிக்கெட் விளையாடப் போனதற்கும் வந்த கோபம் சோறு போடும்போது ஆறிவிட்டது. இது ஆறவில்லை. மூன்று கிழமையாக இதோடு எழும்பி இதோடு படுக்கிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதி, உறையை ஒட்டி, கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம். அப்பாவும் அதைத்தான் சொன்னார். "வீட்டுக் கதையை ஏனப்பா ஊருக்குச் சொல்லுறீர்?" என்று கேட்டார். உன்னுடைய கீரி வீட்டுக்குள் இருந்து கதைக்கவில்லையே. வீட்டுக்கு வீடு இருக்கிற தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்துதான் கதைக்கிறது. அதனால் இந்தக் கடிதத்தையும் எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். உனக்கு வெட்கமாக இருந்தால் இரு. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. வாசித்துக்கொண்டு போனால் ஏனென்று உனக்கே விளங்கும்.

முதலில் என் பிழையில் இருந்து தொடங்குகிறேன். வெளிநாட்டில் செய்த சின்னப்பிள்ளைகளின் காட்டூன் ஒன்றைத் தமிழாக்கும் வேலை உனக்குக் கிடைத்தது என்று நீ சொன்ன நாளில் நான் தலைகால் தெரியாமல் ஆடினேன். வசனமும் நீதான், குரலும் நீதான் என்றதும் அயலுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். நான் படிப்பிக்கிற முன்பள்ளியில் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு அவல் கொடுத்த பிறகு தொலைக்காட்சியைப் போட்டு, அவர்களைப் பாயில் வரிசையாக இருத்தி, "இது ரீச்சரின்ரை மகன்ரை குரல்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினேன். முயல், அணில், ஆமை மூன்றும் துப்பறிவாளர். காட்டில் ஒவ்வொரு நாளும் யாருடையதாவது ஏதாவது காணாமல் போகும். தொப்பி காணவில்லை, கேக்கைக் காணவில்லை, மணியைக் காணவில்லை. மூன்றும் உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு காலடித் தடம் பார்க்கும். போகிற வழியில் முதல் வேலையாகக் கீரியைப் பிடிக்கும். கீரியின் பொந்தைக் கிளறும், பையைக் கொட்டும். கீரி கையைக் கட்டிக்கொண்டு "சத்தியமா நான் எடுக்கலீங்க" என்று சொல்லும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என் மகன் எவ்வளவு கெட்டிக்காரன் என்று நினைத்துச் சிரித்தேன்.

எங்கள் முன்பள்ளியில் திவ்யா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள். நாலு வயது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையகக் குடும்பங்களில் ஒன்று அவர்களுடையது. மலையில் தேயிலைத் தோட்டங்களில் கலவரக்காரர் வீடுகளைக் கொளுத்தித் துரத்தியபோது அவர்களின் பெரியவர்கள் வன்னிக்கு ஓடிவந்து காடு வெட்டினார்கள். காணி கிடைக்கும் என்று உன் அப்பாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வயல் செய்ததும் இதே மண்ணில்தான். சண்டையில் நாங்கள் ஓடியபோது அவர்களும் அதே ரோட்டில் அதே மழைக்குள் ஓடினார்கள். திவ்யாவின் அப்பா மேசன் வேலை செய்கிறார். காலையில் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். பின்னேரம் கேற்றில் நின்று "பாப்பா, வாடா தங்கம்" என்று கூப்பிடுவார். அவள் வீட்டில் பேசுகிற மலையகத் தமிழைத்தான் இங்கேயும் பேசுவாள். ரீச்சர் என்று சொல்லமாட்டாள், டீச்சர் என்பாள். ஒருநாளும் எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. அந்தப் பேச்சைக் கீரியின் வாயில் போட்டுக் குறையாகத் தெரியவைத்தவன் நீ.

உன் காட்டூன் தொடங்கி ஒரு மாதத்தில் பிள்ளைகள் அவளைக் கீரி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். நான் கண்டித்தேன். ஆனால் எப்படிக் கண்டித்தேன் தெரியுமா? "அப்பிடிச் சொல்லக்கூடாது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் பெட்டியைப் போட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பையனின் விளையாட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் காணவில்லை. கிளிநொச்சிக் கடைகளில் இப்போது அதுதான் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான். நான் மேசையில் இருந்து வரவுப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் மணலில் தடம் பார்த்துக்கொண்டு போனார்கள். நல்ல விளையாட்டு, சத்தம் இல்லாமல் இருக்கிறார்கள் என்று நான் பேசாமல் விட்டேன். தடம் எங்கே போய் முடியும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தொடங்கும்போதே தெரியும். திவ்யாவைக் கதிரையில் இருத்தினார்கள். "பையைத் திற" என்றார்கள். அவளுடைய பையைக் கொட்டினார்கள். ரொட்டி சுற்றிய கடதாசி, ஒரு பென்சில் துண்டு, மாற்றுச் சட்டை. அவள் கையைக் கட்டிக்கொண்டு எழும்பி நின்று, "சத்தியமா நான் எடுக்கல டீச்சர்" என்றாள்.

முழு வகுப்பும் சிரித்தது. தம்பி, நானும் சிரித்தேன். ஏனென்றால் அது அப்படியே உன்னுடைய கீரி. சத்தம், இழுவை, கை கட்டின விதம், எல்லாம். எனக்குச் சிரிப்பு என்னையறியாமல் வந்துவிட்டது என்று சொல்லிப் பூசி மெழுகலாம். ஆனால் அவள் மற்றப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடியபோது நேரம் பிந்திவிட்டது. குனிந்து, கொட்டிய சாமான்களைத் தானே பொறுக்கிப் பைக்குள் வைத்தாள். அழவில்லை. அடுத்த நாள் வரவில்லை. அந்தப் பையனின் தாய் காலையிலேயே வந்து, "ரீச்சர், இவன் கண்ணாடியை நேற்று வீட்டிலையே விட்டிட்டு வந்திட்டான். கட்டிலுக்குக் கீழ கிடந்தது" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனா. அதற்கும் நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் தனியாக இருந்து உன் காட்டூனின் இருபத்தாறு கதைகளையும் பார்க்கத் தொடங்கினேன். பார்த்து முடிக்க நாலு நாள் எடுத்தது. இரண்டே இரண்டு கதையில்தான் கீரி எடுத்திருக்கிறது. மற்றதெல்லாம் கதிரைக்குப் பின்னால் கிடந்தது, காற்று அடித்துக்கொண்டு போனது, முயலே வைத்துவிட்டு மறந்தது. பிழையான ஆளைப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகு ஒரு கதையில்கூட யாரும் கீரியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்து கேக் சாப்பிடுகிறார்கள். கீரியும் பல்லைக் காட்டிக்கொண்டு அவர்களோடு இருந்து சாப்பிடுகிறது. மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைக்கு இதில் என்ன பாடம் இருக்கிறது என்று உனக்கு ஒருநாளாவது யோசனை வந்ததா? துப்பறிவது என்றால் தேடுவது என்றா அந்தப் பிள்ளைகள் படித்தார்கள்? எவனுடைய பையை முதலில் கொட்டவேண்டும் என்று படித்தார்கள். சொல்லிக்கொடுத்தவன் என் வயிற்றில் பிறந்தவன். பாய் விரித்து இருத்திப் படிக்கவைத்தவள் நான்.

நாலாவது நாள் நான் பெட்டியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். காதில் அந்தச் சத்தம் மட்டும் நின்றது. அப்போதுதான் அது யாருடைய குரல் என்று எனக்குப் பிடிபட்டது. அது நீ கற்பனை செய்த குரல் இல்லை. அது ராசம்மாவின் குரல்.

உனக்கு நினைவில்லை என்று சொல்லாதே. அப்போது உனக்கு ஆறு வயது. சண்டை ஓய்ந்திருந்த காலம். ராசம்மா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து புல் பிடுங்க வருவா. வேலை முடிந்ததும் குசினிக்குள் வந்து எனக்குக் கை உதவி செய்வா. நீ சாப்பிடாமல் அடம் பிடித்தால் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி ஊட்டியதும் அவாதான். ஒருநாள் என் சங்கிலியைக் காணவில்லை. அலுமாரியில் இல்லை, அரிசிப் பானையில் இல்லை. எனக்கு ராசம்மாவைத் தவிர வேறு ஒருவரின் நினைவும் வரவில்லை. அயலார் வேலியில் நின்று பார்க்க முற்றத்தில் வைத்து அவாவின் சீலைப் பையைப் பறித்துக் கொட்டினேன். "சத்தியமா நான் எடுக்கலீங்கம்மா. எம் புள்ளைங்க மேல சத்தியமா எடுக்கலீங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றா. வீசின பையை எடுத்துக்கொண்டு போனவ பிறகு வரவேயில்லை.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் நீ கதிரையில் ஏறி நின்று, கையைக் கட்டி, "சத்தியமா நான் எடுக்கலீங்கம்மா" என்றாய். அப்படியே ராசம்மா. அப்பா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறினார். நான் உன்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், "தம்பி, ராசம்மா மாதிரிச் சொல்லிக் காட்டு" என்று நாங்களே கேட்டோம். வந்தவர்கள் இனிப்புத் தந்தார்கள். நீ பெரிய ஆளாகி ஒலிப்பதிவுக் கூடத்தில் படித்தது ஒன்றுமில்லை. அந்தத் தொழிலை உனக்கு நாங்கள்தான் சோற்றுத் தட்டுக்கு முன்னால் வைத்துப் பழக்கினோம்.

சங்கிலி எங்கே இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஓடி ஓடிப் பழகிய பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நகையை ஒரே இடத்தில் வைத்திருக்க மனம் வராது. திரும்பவும் சண்டை வரப்போகிறது என்று யாராவது ஒரு கதை கொண்டுவந்தால் போதும், இடத்தை மாற்றுவோம். அப்படி ஒரு கதை வந்த அன்று நான் சங்கிலியை உன் தலையணைக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். ஓடவேண்டி வந்தால் உன்னைத் தூக்குவேன், நீ தலையணையை விடமாட்டாய், சங்கிலியும் கூட வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பிறகு அந்தக் கதை பொய் என்று ஆனது. பயம் போனதோடு தைத்ததும் மறந்துபோனது. மூன்று மாதம் கழித்துத் தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது பஞ்சைக் காயப்போட உறையைப் பிரித்தேன். சங்கிலி விழுந்தது. அந்த நேரமே செருப்பைப் போட்டுக்கொண்டு வாய்க்காலைக் கடந்திருக்கவேண்டும். நான் என்ன செய்தேன்? கழுவிக் கழுத்தில் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கண்டுவிட்டு, "பயத்திலை ராசம்மா திருப்பிக் கொண்டுவந்து போட்டிட்டாள் போல" என்றா. நான் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

கடைசியாக ராசம்மாவைக் கண்டது சண்டை முடிந்து எங்களை அடைத்துவைத்த முகாமில், தண்ணீர் வரிசையில். எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றா. தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் வாளியைப் பார்த்துக்கொண்டு குனிந்து நின்றேன். அதற்குப் பிறகு அவா எங்கே போனா, இருக்கிறாவா என்று எனக்குத் தெரியாது. விசாரித்தும் பார்த்துவிட்டேன், இப்போது, இவ்வளவு காலம் பிந்தி. ஒருவருக்கும் தெரியவில்லை. யாரையாவது பத்துப் பேருக்கு முன்னால் பிழையாகச் சொன்னாயானால், அன்றைக்கே அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் திருத்திவிடு, தம்பி. ஆறப்போட்டால் ஆள் கிடைக்காது. எனக்குக் கிடைக்கவில்லை.

நேற்று நான் இதையெல்லாம் சொல்லமுன்னம் நீ எனக்கு வகுப்பு எடுத்தாய். "அம்மா, அங்கத்தை மொழியிலை அந்தக் கீரி நாட்டுப்புறத்து ஆள் மாதிரித்தான் கதைக்கும். அதைத் தமிழிலை வேற எப்பிடிக் கொண்டு வாறது?" என்றாய். நாட்டுப்புறம் என்றால் நாங்கள் யார்? ஐம்பது வீடும் ஒரு கடையும் ஒரு வாய்க்காலும் இருக்கிற இடத்தில் பிறந்தவன் நீ. உனக்கு நாட்டுப்புறத்துப் பேச்சு வேண்டுமென்றால் உன் அப்பாவின் பேச்சு இருக்கிறது, என் பேச்சு இருக்கிறது. முயலுக்கு நல்ல தமிழ் கொடுத்தாய், அணிலுக்கு நல்ல தமிழ் கொடுத்தாய், சந்தேகப்பட ஒரு ஆள் வந்தவுடன் வாய்க்காலைத் தாண்டி ஓடினாய். யாரும் உன்னை அங்கே போகச் சொல்லவில்லை. உன் கால் தானாகப் போனது. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் திவ்யா வீட்டுக்குப் போனேன். தாய் கதிரையைத் துடைத்துப் போட்டா. நான் வந்ததற்கு அவாதான் கூச்சப்பட்டா. நடந்ததை நான் சொல்லச் சொல்ல, "பரவால்லீங்க டீச்சர், சின்னப் புள்ளைங்க வெளையாட்டு" என்று இரண்டு தரம் சொன்னா. பிறகு கதவுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தா. "ஆனா ஒண்ணு டீச்சர். இவ இப்ப வீட்ல வேற மாதிரி பேசுறா. உங்க ஆளுங்க பேசுற மாதிரி. நேத்து அவங்க அப்பா வேலை முடிஞ்சு வந்து பாப்பான்னு கூப்பிட்டாரு. அப்பிடிக் கூப்பிட வேணாம், பள்ளிக்கூட கேட்டுக்கு வந்தா வாயே தொறக்கக்கூடாதுன்னு சொல்லிட்டா. அவரு சாப்பிடாம எந்திரிச்சுப் போய்ட்டாரு" என்றா. சொல்லும்போது அவாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

திவ்யா கதவுக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். வந்தாள். நான் மண்ணில் குந்தியிருந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்ற அவளிடம், ரீச்சர் உன்னிடம் ஒன்று சொல்ல வந்தேன் என்று தொடங்கினேன். அவளுக்கு நான் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று பட்டிருக்கவேண்டும். கட்டின கையை அவிழ்த்துப் பக்கத்தில் தொங்கவிட்டாள். பாடமாக்கி வைத்தது போல, ஒரு சொல்லும் பிசகாமல், எங்கள் பேச்சில் சொன்னாள்: "நான் எடுக்கேல்லை ரீச்சர்."

நாலு வயதுப் பிள்ளை, தம்பி. உண்மையைச் சொல்லிப் பார்த்தாள், நாங்கள் சிரித்தோம். வீட்டுக்குப் போய் இருந்து யோசித்திருக்கிறாள். உண்மையில் பிழை இல்லை, அதைச் சொன்ன வாயில்தான் பிழை என்று கண்டுபிடித்திருக்கிறாள். உன் முயலும் அணிலும் ஆமையும் இருபத்தாறு கதையில் கண்டுபிடிக்காத ஒன்றை அந்தப் பிள்ளை தனியாகக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீ எடுக்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும், சிரித்தது என் பிழை, நீ எப்படிக் கதைத்தாலும் ரீச்சர் நம்புவேன் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பவில்லை. நான் அவளுடைய இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் பாயில் இருத்தி, அவர்களின் தாய்மாரையும் பின்னால் நிற்கச் சொல்லி, திவ்யா எடுக்கவில்லை, பையைக் கொட்டியது பிழை, பார்த்துக்கொண்டிருந்து சிரித்த ரீச்சர் செய்தது எல்லாவற்றிலும் பெரிய பிழை என்று சொன்னேன். ஒரு தாய் முகத்தைச் சுழித்தா. சுழிக்கட்டும். கண்ணாடியைத் தொலைத்த பையன் கையை உயர்த்தினான். "அப்ப ஆர் ரீச்சர் கீரி?" என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. யாராவது ஒருவர் கீரியாக இருந்துதான் ஆகவேண்டும் என்றுதானே நீ அவனுக்குப் படிப்பித்திருக்கிறாய். நான்தான் கீரி என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். திவ்யா இன்னும் வரவில்லை. இந்தக் கிழமையும் போவேன், அடுத்த கிழமையும் போவேன். பெட்டியை வயரோடு கழற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இனி உன்னுடைய பங்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், கீரியை எடுக்க விடமாட்டார்கள் என்றாய். சரி, எடுக்காதே. கீரி இருக்கட்டும். பையைக் கொட்டட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும். ஆனால் வசனம் எழுதுவது நீ, குரல் கொடுப்பது நீ. அடுத்த மாதம் இரண்டாம் பாகத்தில் அது வாய் திறக்கும்போது என்னுடைய குரல் கேட்கவேண்டும். ரீச்சரம்மாவின் பேச்சு. தானே ஒளித்துவைத்துவிட்டு இன்னொருத்தியைக் கள்ளியாக்கினவளின் பேச்சு. அதைக் கேட்டு உனக்கும் அப்பாவுக்கும் சிரிப்பு வருகிறதா என்று பாருங்கள். எப்படிச் செய்வது என்று என்னிடம் கேட்காதே. பிறந்த நாளில் இருந்து நீ அந்தக் குரலைக் கேட்டுத்தான் வளர்ந்தாய்.

அம்மா